கட்டாத பேனர்

திருத்தணி தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஓர் இ-சேவை மையத்தில் நான் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை மற்றவர்களின் பிறந்த தேதி, அப்பா பெயர், சாதிச் சான்றிதழ், கைரேகை, இவற்றோடுதான் பொழுது போகும். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒளிவுமறைவு என்பதே கிடையாது. போனில் ஓடிபி வந்தால் வரிசையில் கடைசியாக நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி கத்திச் சொல்வார்கள். ஏடிஎம் அட்டையின் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் ரகசிய எண்ணை எழுதி வைத்திருப்பவர்களை வாரத்துக்கு ஒருவராவது பார்த்துவிடுவேன். நான் திட்டுவேன். அவர்கள் சிரிப்பார்கள்.

வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாள்களைப் பக்கத்து பஜ்ஜிக்கடைக்காரர் பலமுறை கேட்டுப் பார்த்தார். தர மாட்டேன். யாரோ ஒருத்தியின் ஆதார் நம்பரில் யாரோ எண்ணெய் ஒற்றி எடுப்பதா? நாலாய்க் கிழித்து, அந்த நாலையும் நாலாய்க் கிழித்துத்தான் குப்பையில் போடுவேன். கூட வேலை செய்கிறவர்கள் எனக்கு வைத்த பெயர் மூடுமந்திரம். மலைமேல் கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான். குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்டால் சாமி பேருக்கே பண்ணுங்கள் என்று சொல்லிவிடுவேன். என் நட்சத்திரம் முருகனுக்குத் தெரியும், பின்னால் நிற்கிற நாற்பது பேருக்கு எதற்கு என்பது என் கட்சி.

போன வருடம் ஒரு புதன்கிழமை, எட்டாவது படிக்கும் என் மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் நேராகக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விஷயம் எனக்கு உடனே புரிந்துவிட்டது. கதவுக்கு வெளியே நின்று ஆக வேண்டியதைச் சொன்னேன். கதவைத் திறந்து வெளியே வந்தவள் முதலில் கேட்டது ஒன்றைத்தான்.

“யார்கிட்டயும் சொல்லாதம்மா.”

ஏன் அப்படிக் கேட்டாள் என்பதும் தெரியும். அதற்கு முந்தைய வருடம் அவள் வகுப்புப் பெண் ஒருத்திக்கு மஞ்சள் நீராட்டு விழா நடந்தது. ஸ்கூல் வேன் திரும்புகிற முனையில் இருபதடி பேனர் கட்டினார்கள். வேனில் வருகிற பையன்கள் அந்த முனை வரும்போதெல்லாம் அதிலிருந்த வரிகளை ராகம் போட்டுப் படித்தார்கள். விழா முடிந்தும் ஒரு மாதம் அந்த பேனரை யாரும் அவிழ்க்கவில்லை. அந்தப் பெண் வேனை விட்டுவிட்டு அப்பாவின் வண்டியில் வர ஆரம்பித்தாள். பிறகு பள்ளிக்கூடத்தையே மாற்றிக்கொண்டு போய்விட்டாள். என் மகளுக்கு அவள் ரொம்ப நெருங்கிய சிநேகிதி.

எனக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. என் காலத்தில் பேனர் கிடையாது, கூம்பு ஸ்பீக்கர்தான். மூன்று நாள் பாட்டு. அப்பா பத்திரிகை அடித்து என் கணக்கு வாத்தியாருக்கும் ஒன்று கொடுத்துவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க கரும்பலகைக்கு வரச் சொன்னால் எனக்குக் கால் எழும்பாது. ஆகவே, சொல்ல மாட்டேன் என்று மகளிடம் சத்தியமே செய்தேன்.

செய்துவிட்டு, ராத்திரி சாப்பாடு ஆனதும் என் அண்ணனுக்கு போன் போட்டேன்.

தாய்மாமனுக்குச் சொல்லாமல் எங்களில் அந்தக் காரியம் இல்லை. முதல் சேதி அவருக்குத்தான். பிறகு வேறு வாயிலிருந்து அவர் காதுக்குப் போனால் அண்ணன் தங்கை உறவே அறுந்துபோகும். அப்படித்தான் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அண்ணன் பொதட்டூர்பேட்டையில் வீட்டிலேயே தறி போட்டு லுங்கி நெய்கிறார். இரண்டும் ஆண்பிள்ளைகள். சேதியைச் சொன்னதும் மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. யாரிடமும் வாய் திறக்கக் கூடாது என்று மூன்று தடவை சொன்னேன். ஆங், ஆங் என்று மூன்று தடவையும் ஒப்புக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை மையத்தில் நல்ல கூட்டம். தெரியாத எண்ணிலிருந்து என் போனுக்கு ஒரு படம் வந்தது. கீழே, மேடம் எழுத்துப்பிழை இருந்தா பார்த்து சொல்லுங்க, மதியம் பிரிண்ட் போடுறோம் என்று ஒரு வரி. திறந்து பார்த்தேன். என் மகள் தீபாவளிப் பாவாடையில் ஒரு தாமரைப் பூவின் மேல் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் அன்னப்பறவை. தலைக்கு மேல் மஞ்சள் நீராட்டு விழா என்று தங்க எழுத்து. பக்கத்தில் அவளைவிட இரண்டு மடங்கு பெரிதாக, கூலிங்கிளாஸ் மாட்டிக்கொண்டு, கைகூப்பியபடி என் அண்ணன். கீழே வரிசையாகப் பதினோரு ஆண்கள், ஒவ்வொருவர் கழுத்துக்கும் கீழே போன் நம்பர். அதில் ஒருவர் தறி ரிப்பேர் செய்ய வருகிறவர். மூலையில் நான். ஆதார் அட்டையில் இருக்கிற அதே முகம்.

போனைக் கையால் பொத்திக்கொண்டேன். அண்ணனைக் கூப்பிட்டால் தறிச் சத்தம்தான் கேட்டது, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டார். ஃப்ளெக்ஸ் கடைக்காரரைக் கூப்பிட்டால், ஆர்டர் கொடுத்தவர் சொல்லட்டும், வேன் திரும்புகிற முனையில் சனிக்கிழமை கட்டச் சொல்லி ஆள்கூட ஏற்பாடு பண்ணிவிட்டார் என்றார். அதே முனை. அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அண்ணனைத் திட்டிக்கொண்டே போனேன். பக்கத்து சீட்டு அம்மா, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.

அண்ணன் வீட்டுத் தெருவில் எல்லா வீட்டிலும் தறிதான். பஸ்ஸை விட்டு இறங்கி அந்தத் தெருவுக்குள் நுழைந்தால் பேச்சை மறந்துவிட வேண்டும். அங்கே இருப்பவர்கள் உதட்டைப் பார்த்தும் கையைக் காட்டியுமே பேசிக்கொள்வார்கள். எனக்கு அந்த வித்தை வராது. அண்ணன் இரண்டு தறிகளுக்கு நடுவில் நின்று அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். நான் விஷயத்தைச் சொன்னேன். காதில் கை வைத்துக் குனிந்தார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். தண்ணி வேண்டுமா என்று சைகை காட்டினார். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“என் பொண்ணு வயசுக்கு வந்ததுக்கு ஊரெல்லாம் எதுக்குண்ணா பேனர் கட்டற?”

நான் வாயைத் திறந்ததும் கரண்ட் போய்விட்டது.

அண்ணன் வீட்டுத் தறி மட்டும் இல்லை. தெருவில் இருந்த அத்தனை தறிகளும் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் என் குரல் ஒன்றுதான் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போயிற்று. ஊர்க்காரர்களின் ஓடிபியைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறவள், பெற்ற மகளின் சங்கதியைப் பட்டப்பகலில் ஒரு தெருவுக்கே அறிவித்துவிட்டேன். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

யாரும் எட்டிப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் ஒரு பெண்மணி வந்து நின்று வானத்தைப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் வயதுதான் இருக்கும். என் நிலைமையைப் பார்த்திருக்க வேண்டும். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

“எங்க வூட்ல தறி இன்னும் ஓடிக்கினுதாம்மா கீது. ஒண்ணும் காதுல வுழல.”

அடுத்த வீட்டிலிருந்தும் ஓர் ஆண் குரல், ஆமாம், இங்கேயும் ஓடுகிறது என்றது. அண்ணிதான் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய் விளக்கம் சொன்னார். சைகைக்கு அடங்காததைத் தறிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் சொல்லியாக வேண்டிய தெரு. நாலு நாளைக்கு ஒருமுறை இப்படிக் கரண்ட் போகும், யாராவது ஒருவரின் வீட்டு விவகாரம் இப்படி அம்பலமாகும். புருஷன் பெண்டாட்டி சண்டை, மாமியார் மேல் கோபம், மூல வியாதி, எல்லாம் வந்திருக்கிறது. ஆனால் கரண்ட் போன நேரத்தில் காதில் விழுந்ததைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது, கடத்தவும் கூடாது. யார் ஏற்படுத்திய சட்டமோ தெரியாது. அண்ணி கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதை ஒருவரும் மீறியதில்லையாம். கேட்கக் கேட்க எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மூடுமந்திரம் என்ற பட்டத்தை நான் அந்தத் தெருவுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அண்ணன் கழிவு நூலில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அவருக்கு மனம் புண்பட்டிருந்தது. தான் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை என்றார். பதினோரு பேரின் போட்டோவையும் எதற்கு என்று சொல்லாமல்தான் வாங்கினாராம். சொல்லக் கூடாது என்று நான் கேட்டேன், அவர் சொல்லவில்லை. பேனர் கட்டுவதும் சொல்வதும் ஒன்று என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அது தாய்மாமன் செய்கிற மரியாதை. செய்யாவிட்டால் மாமன் சும்மா இருந்துவிட்டான் என்று நாலு பேர் பேசுவார்கள். பெண்பிள்ளை இல்லாத மனுஷனுக்கு இந்த ஒரு வாய்ப்புதானே என்றார். அவரைத் திட்ட வைத்திருந்ததெல்லாம் எனக்கு வாயில் வரவில்லை. அந்த வேன் முனைக் கதையைச் சொன்னேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “பாப்பா இன்னா சொல்லிச்சு?” என்றார்.

“யார்கிட்டயும் சொல்லாதன்னுச்சு.”

“யார்கிட்டயுமா?”

“ஆமா.”

“அப்ப எங்கிட்ட ஏம்மா சொன்ன?”

குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். காலையிலிருந்து அவருடைய குற்றத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். என்னுடையது அதற்கு முந்தியது என்பது அப்போதுதான் உறைத்தது.

அண்ணன் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். எங்கே என்றேன். வீட்டில் இருக்கிற பாப்பாவிடம் கேட்கப் போகிறேன் என்றார். எங்கள் காதில் விழக் கூடாது என்று பின்பக்கம் கிணற்றடிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேசினார். இரண்டு நிமிடம்கூட இல்லை. திரும்பி வந்தார்.

“வேணாம்னுச்சு. சரின்னுட்டேன்.”

அவ்வளவுதான். உடனே ஃப்ளெக்ஸ் கடைக்கும் பேசினார். அவர்கள் அதற்குள் ஒன்றை அடித்துவிட்டிருந்தார்கள். அதை யாருக்கும் விரித்துக் காட்டாமல் சுருட்டி வைக்கச் சொல்லி, தானே போய் வாங்கிவந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வரிசைத் தட்டு இல்லை, மேளம் இல்லை. லுங்கிக் கட்டு எடுத்துவருகிற பையிலேயே பட்டுப்பாவாடையும் வளையலும் வெற்றிலை பாக்கும் வந்தன. அந்தப் பையோடு அவர் வருவதும் போவதும் எங்கள் தெருவுக்குப் பழக்கம், ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரரிடம் மட்டும், மன்னிச்சுக்குங்க பாவா, பெருசா எதும் பண்ண முடியல என்று முணுமுணுத்தார். அவர் அதுதான் நல்லது என்று தோளைத் தட்டினார். கதவைச் சாத்திக்கொண்டு அண்ணியும் நானும் மகளுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினோம். அண்ணி உளுந்தங்களி கிண்டினார். அண்ணன் சுருட்டிய ஃப்ளெக்ஸை மகளிடம் நீட்டி, இது உன்னுது, இன்னா வேணா பண்ணிக்கோ என்றார்.

அவள் அறைக்குள் கொண்டுபோய் விரித்துப் பார்த்திருக்கிறாள். உள்ளே இருந்து அப்படி ஒரு சிரிப்பு வந்தது. நாலு நாளாக அந்தச் சிரிப்பைக் கேட்காமல் நான் எப்படி இருந்தேன் என்றே தெரியவில்லை. கூலிங்கிளாஸ் போட்ட மாமனை மட்டும் வெட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டாள். பதினோரு போன் நம்பர்களையும் நாலாய், பிறகு அந்த நாலையும் நாலாய் நறுக்கிக் குப்பையில் போட்டாள். யார் பெற்ற பிள்ளை!

திங்கட்கிழமை, வியாழனும் வெள்ளியும் காய்ச்சல் என்று லீவு லெட்டர் கொடுத்து அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். அன்று மையத்தில் யாருடைய பிறந்த தேதியை எப்படி ஏற்றினேன் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றேன். வேன் அந்த முனையைத் திரும்பி வந்தது. இறங்கினாள், பையை வீசினாள், அறிவியல் டீச்சர் திடீர்த் தேர்வு வைத்துவிட்டார் என்று கால் மணி நேரம் புலம்பினாள். வேனில் ஜன்னல் சீட்டைப் பிடித்துக்கொண்ட ஒருத்தியை இன்னொரு கால் மணி நேரம் திட்டினாள். வேறு ஏதாவது கேட்டார்களா என்று மெல்ல இழுத்தேன். காய்ச்சல் போச்சான்னு கேட்டாங்க என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு இட்லி கேட்டாள். அடுப்படிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

இட்லித் தட்டை வைக்கும்போது அவளாகவே சொன்னாள்.

“மாமா எங்கிட்ட கேட்டாரும்மா. நீ கேக்கல.”

கோபமாகச் சொல்லவில்லை. தப்புதான், இனிமேல் கேட்பேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு சட்னியை இழுத்துக்கொண்டாள்.

இதை எழுத வேண்டும் என்று தோன்றியபோது, பேனாவை எடுக்கும் முன்னால் அவளைக் கேட்டேன். ஒரு நாள் யோசித்துவிட்டு, யார் பெயரும் வரக் கூடாது, எழுதி முடித்ததும் தன்னிடம் காட்ட வேண்டும் என்றாள். காட்டினேன். என் மேஜை முன்னால் உட்கார்ந்து பென்சிலோடு முழுக்கப் படித்தாள். இரண்டு இடங்களை அடித்துவிட்டு, மீதி இருக்கட்டும் என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள். அந்த இரண்டு இடங்களில் என்ன இருந்தது என்று அண்ணன்கூடக் கேட்டுப் பார்த்தார். நான் சொல்லவில்லை.