ஆமைக்கு யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது

ஹாஜாவுக்குத் தொண்டை கட்டிப்போனது ஓர் ஆமையால்தான். சவூதியில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்த காலமெல்லாம் மெஷின்கள் அவர் சொன்னபடி கேட்டன. சொந்த ஊரான ஏரலுக்குத் திரும்பிப் பைகள் விற்கும் கடை வைத்த பிறகு, சொந்த வீட்டில் ஈ காக்கைகூட அவர் பேச்சை மதிப்பதில்லை.

மகள் அர்வா சென்னைக்குப் படிக்கப் போனபோது தொட்டியில் வளர்த்த தன் நீர் ஆமையை அவரிடம் விட்டுப் போனாள். கொஞ்ச நாளில் அதன் கழுத்திலும் காலிலும் பஞ்சு ஒட்டியது போல வெள்ளைப் படை வந்து தோல் உரிந்தது. பூஞ்சை என்றார் கால்நடை டாக்டர். மருந்து தடவிப் பகலெல்லாம் ஈரமில்லாமல் வைக்க வேண்டும், சாயங்காலம் மட்டும் சற்று நேரம் தண்ணீரில் விடலாம், இல்லாவிட்டால் பிழைக்காது என்று தெளிவாகத்தான் சொன்னார்.

"பெருநாளைக்கு வந்துருவேன் வாப்பா. அத சாக விட்டுராதீங்க," என்று போனில் அழுதாள் அர்வா.

ஹாஜா காலையில் மருந்து தடவிவிட்டுக் கடைக்குப் போவார். மதியம் வந்தால் ஆமை தொட்டித் தண்ணீரில் ஜம்மென்று நீந்திக்கொண்டிருக்கும்.

"ஏளா சுபைதா, யாரு தண்ணி ஊத்துனது?"

"நாந்தான். வாயில்லா ஜீவனுக்குத் தண்ணி குடுத்தா நன்மைலா?" என்பாள் மனைவி.

அவளைச் சத்தம் போட்டு நிறுத்தினால், பக்கத்து வீட்டு ஸமீஹா செம்போடு வந்து அந்த நன்மையைத் தேடிக்கொள்வாள். "தண்ணீல கெடக்குறத காயப் போடச் சொல்லுதாரே, அவரு என்ன டாக்டரு?" என்று வேறு கேட்பாள். இத்தனை இரக்கத்துக்கு நடுவில் ஓர் ஆமை எப்படிப் பிழைக்கும்? படை ஓட்டின் விளிம்புவரை ஏறிவிட்டது. மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் ஹாஜா அவள் போனை எடுப்பதைத் தள்ளிப்போட்டார்.

நோன்பு தொடங்கியது. ஒரு மதியம் வறண்ட தொண்டையோடு வந்தவர், ஸமீஹா செம்பைச் சாய்க்கப் போவதைப் பார்த்தார். கத்தத் தெம்பில்லை. எரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"அது நோன்பு வச்சிருக்கும்மா. முறிச்சிராத."

ஸமீஹா சிரித்தாள். ஆனாலும் அதற்குமேல் ஊற்றக் கை வரவில்லை. அன்றிலிருந்து பகலில் சுபைதா கையாலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. டாக்டர் படிப்புக்குக் கிடைக்காத மரியாதை நோன்புக்கு! ஹாஜாவுக்கு அதிலும் கோபம்தான்.

பெருநாள் நெருங்கியபோது படை உதிர்ந்து புதுத்தோல் தெரிந்தது. நோன்பு திறக்க மாலை பாங்கு சொன்னதும் ஒரு கையில் பேரீச்சம்பழத்தோடு மறுகையால் ஆமையைத் தண்ணீரில் விட்டார். அது கழுத்தை நீட்டிக் குடித்தது. அவருக்குக் கண் கலங்கியது. அர்வாவுக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்று போனை எடுத்தார்.

வாசலில் ஸமீஹா, கையில் ஆவி பறக்கும் கறிக்கஞ்சி.

"ஆமைக்குக் கொண்டாந்தேன் மாமா. நோன்பு தொறக்கக் குடுத்தா நன்மைலா?"