கன்றின் மேல் கிடந்த வேட்டி

அன்று குற்றாலம் பூங்காவில், மரக்கன்றுகளின் ஓரத்தில் நின்றவர்கள்: எனக்குப் பெண் தருவதாகச் சொல்லியிருந்த ஆய்க்குடிக்காரர். அவர் தங்கை. கல்யாணத் தரகர். அந்தப் பெண். பிறகு நான், காக்கி அரைக்கால் சட்டையில், கையில் கம்போடு.

நயா பைசா வந்த புதிது. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்வரை தென்காசியில் ஒரு ஆபீசில் பியூன். மணி அடித்தால் எழுந்திருக்க வேண்டும். மற்ற நேரம் ஸ்டூல். ஜன்னலில் மலை தெரியும். சாரல் காலத்தில் மேகம் இறங்கி மலை மறைந்துவிடும், கோந்து காயாது. ஆபீசுக்கும் சாரலுக்கும் அவ்வளவுதான் சம்பந்தம். குற்றாலத்தில் பூங்காக் காவலுக்கு ஆள் கேட்டார்கள். சம்பளம் குறைவு. ஆபீஸ் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

"நெழல விட்டுட்டு நனையப் போறியால? கிறுக்கா ஒனக்கு?" என்றார் ஹெட்கிளார்க்.

வேலை மாறியதைப் பெண் வீட்டுக்குத் தரகரிடம் சொல்லி அனுப்பினேன். சொல்லியாச்சு என்றார்.

மகிழமும் புன்னையுமாக ஐம்பது நட்டிருந்தோம். முழங்கால் உயரம். அருவியில் குளித்து வருகிறவர்கள் ஈரத் துணியை அவற்றின் மேல்தான் விரிப்பார்கள். கன்றைச் சுற்றி மூங்கில் கூடு வைத்தால் கூட்டின் மேல் விரிப்பார்கள். ஈர வேட்டியின் கனம் கன்றுக்குத் தாங்காது, ஒடியும். துணிய எடுங்க, துணிய எடுங்க. நாள் முழுக்க இதே பேச்சு. குளிக்கிறவர்கள் தேய்த்த எண்ணெயும் ஈரத் துணியும் கலந்த அந்த மணம், சாரல் விழுந்தால் இன்றும் எனக்கு வரும்.

அன்று ஒரு மகிழங்கன்றின் மேல் எட்டு முழ வேட்டி கிடந்தது.

"யார் வேட்டி? எடுங்க."

துண்டு மட்டும் கட்டியிருந்த ஒருவர் திரும்பினார். ஆய்க்குடி மாமா.

"மாப்ளயா! இங்கன என்ன செய்யுதீரு? ஆபீஸ் லீவா?"

"ஆபீஸ விட்டுட்டேன் மாமா. இதான் வேலை."

அவர் தரகரைப் பார்த்தார். தரகர் அருவியைப் பார்த்தார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் அண்ணாச்சி. நல்ல நாள் பாத்து..."

"நல்ல நாளாவே? நான் துண்டோட நிக்கையிலயா?"

"ஆபீஸ்ல காத்தாடிக்குக் கீழ இருக்க மாப்ளன்னு தெரு பூரா சொல்லிட்டனே," என்றார் தங்கை. "இங்கன கம்பும் கையுமால்லா நிக்காரு."

"கெளம்புங்க. இந்தப் பேச்சு இத்தோட சரி," என்றார் மாமா.

கிளம்ப முடியவில்லை. கொண்டுவந்தது அந்த ஒரு வேட்டிதான்.

பெண்ணை ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். பிடித்திருந்தது. ஆனால் கன்று சாய்ந்துகொண்டிருந்தது.

"வேட்டிய எடுங்க மாமா," என்றேன் மறுபடியும்.

"காயாம எப்படிவே எடுக்க?"

அந்தப் பெண் வந்து வேட்டியை மெல்லத் தூக்கினாள். ஒரு முனையை அத்தையிடம் நீட்டினாள்.

"இதப் பிடிங்க அத்தை. காத்துல காயும்."

மறு முனையோடு தள்ளிப் போய் நின்றாள். வேட்டி காற்றில் உப்பியது. அது காயும்வரை மாமா என்னோடு நிற்க வேண்டியதாயிற்று. சாரல் வேறு விட்டு விட்டு விழுந்தது.

"பென்ஷன் உண்டா?"

"நிரந்தரமானா உண்டு."

"மழைக்கு எங்க நிப்பீரு?"

"நனைவேன்."

"இதுல அப்படி என்னவே இருக்கு?"

"ஸ்டூல் இல்ல மாமா," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. தங்கைதான் சிரித்தார். வேட்டி முனை அவர் கையை விட்டு நழுவப் பார்த்தது.

"ஏட்டி, ஒழுங்காப் பிடி!" என்று மாமா தங்கையிடம் சத்தம் போட்டார்.

"காஞ்சிருச்சுப்பா," என்றாள் பெண். "நீங்க கேட்டு முடிச்சாச்சா?"

மாமா மகளைப் பார்த்தார். "முடிச்சாச்சு," என்றார். வேட்டி காயவில்லை. அப்படியே வாங்கிக் கட்டிக்கொண்டார். போகும்போது என் அரைக்கால் சட்டையைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்காவது வேட்டி கட்டும்வே."

தையில் கல்யாணம். மறுவீடு முடிந்து அவளைப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். கூட்டம் இல்லை. அருவி மெலிந்திருந்தது.

"எத்தன பொழச்சுது?" என்று கேட்டாள்.

"நீயே எண்ணு."

ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். அவள் அப்பாவின் வேட்டி கிடந்த கன்று கோணலாக நின்றது. அதையும் சேர்த்தாள்.

நாற்பத்தொன்று.