முகத்தில் படும் காற்று

மகன் பிறந்ததும் பிரிக்பீல்ட்ஸில் என் பெற்றோர் வீட்டில் படுத்திருந்த வாரங்களை நினைத்தால், தண்ணீருக்கு அடியில் கிடந்தது போலவே தோன்றுகிறது. சன்னல்களை அம்மா அடைத்துவிட்டார். காதுகளில் பஞ்சு, காலில் காலுறை, வயிற்றைச் சுற்றி இறுக்கிய துணி, நெற்றியில் காய்ந்து தோலை இழுக்கும் பற்று. பூண்டும் மிளகும் நல்லெண்ணெயும் சேர்ந்த வாசனை அறையை விட்டுப் போகவே இல்லை. காலையா மாலையா என்று தெரியாது. ரயில் போகும்போது கட்டில் லேசாக நடுங்கும். அப்போதுதான் வெளியே ஓர் ஊர் இருப்பது நினைவுக்கு வரும்.

அந்த அரை உறக்கத்தில் இரண்டு மூச்சுகள் கேட்கும். ஒன்று என் விலாவை ஒட்டி, பூனைக்குட்டியுடையது போல. மற்றது பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம், கூடத்தில் இருந்த அப்பாவுடையது. உள்ளே இழுப்பது சின்னதாக இருக்கும். வெளியே விடுவது நீண்டு, முடிவில் விசிலடிக்கும். சில நேரம் எது யாருடையது என்று குழம்பிப்போய் மகனின் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன்.

அப்பா ரயில்வேயில் நீராவி இன்ஜினுக்குக் கரி அள்ளிப் போட்டவர். அந்தப் புகையும் அவருடைய சுருட்டுப் புகையும் சேர்ந்து நுரையீரலைப் பல வருடங்களாகத் தின்றுவந்தன. நான் நிறைமாதமாக இருந்தபோது அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்து, இனி குணப்படுத்த வழியில்லை, சௌகரியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னார். டாக்சியில் வரும்போது அப்பாவிடம் அதை அப்படியே சொல்லிவிட்டேன். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“சௌகரியம்னா... என்னான்னு... கேட்டியா?”

நான் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே என்று இருந்துவிட்டேன்.

அம்மாவுக்குச் சௌகரியம் என்றால் படுப்பது. “படுங்களேன், உக்காந்துகிட்டே இருந்தா ஒடம்பு என்னத்துக்கு ஆவும்?” என்று நாளெல்லாம் சொல்வார். நலம் விசாரிக்க வருகிறவர்களும் “படுங்கண்ணே, படுங்க” என்பார்கள். அப்பாவால் படுக்க முடியாது. படுத்தால் நெஞ்சின் மேல் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பார். சாப்பாட்டு மேசையில் இரண்டு தலையணைகளை அடுக்கி, அவற்றின் மேல் கைகளைப் போட்டுக் குனிந்தபடியே உட்கார்ந்திருப்பார், தூங்குவார். எதிரே மேசை விசிறி ஓடிக்கொண்டிருக்கும்.

நான் குழந்தையோடு வந்த அன்று அந்த விசிறி நின்றது. நிறுத்தியது அப்பாதான். பலகைச் சுவர் கூரை வரை எட்டாது. மேலே உள்ள இடைவெளி வழியாகக் காற்று அறைக்குள் இறங்கும். பச்சை உடம்பில் காற்று புகுந்தால் பிறகு வெளியேறாது, வயதான காலத்தில் மூட்டு மூட்டாகக் குத்தும் என்பது அம்மாவின் நம்பிக்கை. அம்மா மட்டுமில்லை, பக்கத்து வீட்டுச் சீன அம்மாளும் குழந்தையைக் குளிப்பாட்ட வந்த மலாய்க்கார மாதுவும் அதையேதான் சொன்னார்கள். நான் படித்தவள். நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருக்கவும் தைரியம் வரவில்லை. எனக்கு ஒன்றும் ஆகாது, சரி. பால் வழியாகக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இப்படியே யோசித்து யோசித்து உறங்கிப்போவேன்.

ஒரு நாள் அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். அப்பாவின் மூச்சு மாறியது. விசில் இல்லை. சின்னச் சின்னதாக, அவசரமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தது. திரையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தார். தோள்கள் காது வரை உயர்ந்திருந்தன. அவர் விசிறிக்கொண்டிருந்த நாளிதழ் தரையில் கிடந்தது. விசிறியின் சுவிட்சை நோக்கிப் போனேன். தலையை ஆட்டித் தடுத்தார்.

“உள்ள போ... காத்து...”

நான் போகவில்லை. நாளிதழை எடுத்து அவர் முகத்துக்கு நேராக வீசினேன். வெகு நேரத்துக்குப் பிறகு தோள்கள் இறங்கின. அப்போதுதான், டாக்டரிடம் கேட்காததை அப்பாவிடமே கேட்டேன்.

“எதுப்பா ரொம்பக் கஷ்டமா இருக்கு?”

“மூச்சு வாங்கறது பெரிசில்லம்மா. அடுத்தது... வருமா வராதான்னு ஒரு பயம். மூஞ்சில காத்து பட்டா... அந்தப் பயம் கொஞ்சம் தள்ளி நிக்குது.” பிறகு சிரிக்கப் பார்த்தார். “நான் கரி போட்ட இன்ஜினெல்லாம்... என்னைய விட நல்லா மூச்சு விட்டுச்சு லா.”

அந்த நேரம் பார்த்துத்தான் அம்மா கூடையோடு உள்ளே வந்தார்.

“ஐயையோ! பச்ச ஒடம்புக்காரி, வாசலுக்கு நேரா நிக்கறியே! உள்ள போடி!”

“ஃபேன் ஓடட்டும்மா. இல்லன்னா நான் கிள்ளானுக்குப் போயிடறேன். அத்தை வீட்ல இருந்துக்கறேன்.”

“நாளு முடியாம அனுப்பி வச்சா உங்க மாமியா என்னைய என்னா சொல்லுவாங்க? ஒரு பிள்ளப்பேறு பாக்கத் துப்பில்லன்னு கிள்ளானே சிரிக்கும்.”

“யாரும் போவ வேணாம்,” என்றார் அப்பா. “எனக்குப் பழகிடுச்சு.”

அம்மா அவர் முதுகைத் தொட்டார். சட்டை முழுக்க நனைந்திருந்தது. “இதுவா பழகுனது? இத்தன நாளா வாயத் தொறந்து சொன்னா என்னவாம்? உங்களுக்கு வாய் இல்லியா?”

“வாய் இருக்கு. மூச்சுதான் இல்ல.”

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் காட்டாமல் என்னை உள்ளே தள்ளினார். கொஞ்ச நேரத்தில் நாற்காலி இழுபடும் சத்தம், பிறகு சுத்தியல் சத்தம். மகன் திடுக்கிட்டு அழுதான். பலகைச் சுவரின் மேலிருந்த இடைவெளி, ஒரு பழைய கம்பளியால் மெல்ல மெல்ல இருண்டு மறைந்தது. அறை வாசல் திரைக்கு மேல் இன்னொரு கனத்த போர்வை தொங்கியது. அதன்பின் விசிறி ஓடத் தொடங்கியது.

அறை முன்பைவிடப் புழுங்கியது. கண்ணை மூடினேன். ஆனால் தூக்கம் வரவில்லை. விசிறியின் இரைச்சலில் அப்பாவின் மூச்சு கேட்கவில்லை. தொல்லையாக நினைத்திருந்த அந்தச் சத்தம் இல்லாமல் கிடக்க முடியவில்லை. செய்தது சரிதானா? அவர் கூப்பிட்டாலும் இனி எனக்குக் கேட்காதே? எழுந்து போர்வையின் ஓரத்தை விரலளவு விலக்கினேன்.

அப்பா தலையணைகளின் மேல் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். விசிறி திரும்பாதபடி அம்மா அதன் கழுத்தை அவர் பக்கமாகவே வைத்து, தண்டோடு சேர்த்து ஒரு துண்டால் கட்டியிருந்தார். அப்பாவின் நெற்றியில் நரைமுடி எழுவதும் படிவதுமாக இருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தோல்கள் காற்றில் பறந்து கூடமெங்கும் உருண்டன. அவர் எதையும் பொறுக்கவில்லை.

என்னைப் பார்த்துவிட்டார். திட்டு விழும் என்று நின்றேன். அம்மா வாயில் விரல் வைத்துக் காட்டினார். பிறகு, உள்ளே போ என்று கண்ணாலேயே சொன்னார்.