தறி நிழலில் நின்ற கார்

வெயிலே படாத வண்டி என்று சொல்லித்தான் அந்த வெள்ளைக் காரை சாரதாமணிக்கு விற்றார்கள். இளம்பிள்ளையில் விசைத்தறிக் கூடம் வைத்திருந்த ஒருவருடைய கார். மூன்று வருடம் கூடத்துக்குள்ளேயே நிழலில் நின்றதாம். பேட்டரி இறங்கிவிடக் கூடாதென்று தினமும் கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிடுவார்களாம். பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று சாரதாமணி பூரித்துப் போனாள். ஜலகண்டாபுரத்தில் இருபது வருடமாகத் தறி ஓட்டுகிறவள் அவள். தறிக் கூடத்தில் வளர்ந்தது சோடை போகுமா?

சொகுசுக்காக அவள் கார் வாங்கவில்லை. கணவர் தீர்த்தகிரிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் மூன்று நாள் சேலத்தில் டயாலிசிஸ். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே இரண்டு முறை மயங்கி விழுந்தார். அதற்குப் பிறகுதான் நாற்பத்து நாலு வயதில் கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்தாள். ஊர் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவர்கூட ஒரு நாளும் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வந்ததில்லை.

கார் இரண்டாவது பயணத்திலேயே தன் குணத்தைக் காட்டியது. தாரமங்கலம் தாண்டியதும் சூடு காட்டும் முள் உச்சிக்கு ஏறி, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றி, பத்து மணி முறைக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது. அடுத்த நோயாளிக்கு இடம் விட வேண்டியிருந்ததால், நாலு மணி நேரம் ஓட வேண்டிய டயாலிசிஸ் மெஷின் அன்று இரண்டரை மணி நேரம்தான் ஓடியது. அன்றிலிருந்து ஐந்து லிட்டர் கேனில் தண்ணீர் நிரப்பி மடியில் வைத்துக்கொண்டு வந்தார் தீர்த்தகிரி. அவர் குடிக்க ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் என்பது டாக்டர் உத்தரவு.

"எனக்கில்லாத தண்ணி இந்தக் காருக்குப் போவுது பாரு" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சேலத்து மெக்கானிக் மார்ட்டின் தெர்மோஸ்டாட்டை மாற்றினான். அப்புறம் தண்ணீர் பம்பை மாற்றினான். மூன்றாவது முறையும் கார் வழியில் நின்றது.

"இன்ஜினைப் பிரிக்கணும்க்கா. பத்து நாள் ஆகும்."

"உடு சாரதா" என்றார் தீர்த்தகிரி. "இத வித்துப்போட்டு பஸ்லயே போயிக்கலாம். இன்னும் எத்தன நாளைக்கோ."

இன்ஜின் சூட்டைவிட அந்தக் கடைசிச் சொல்தான் அவளைச் சுட்டது. அவர் பக்கம் திரும்பாமலே மார்ட்டினிடம் பேசினாள்.

"இன்ஜின்ல கைய வெக்காதீங்க தம்பி. தறி மோட்டார் சூடானா நாங்க ஒடனே மோட்டாரப் பிரிக்கறதில்லீங்க. காத்துப் போற வழியத்தான் மொதல்ல பாப்போம்."

"ரேடியேட்டர் சுத்தமாத்தான்க்கா இருக்கு. முன்னாடி நல்லாத் தண்ணி அடிச்சேன்."

"முன்னாடி நிக்கறது ஏசித் தகடுன்னு நீங்கதான சொன்னீங்க. அதுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல பாத்தீங்களா?"

மார்ட்டின் குனிந்து பார்த்தான். ஸ்பேனரை எடுத்தான்.

தகட்டை நகர்த்தியதும் இடுக்கில் விரலை விட்டு இழுத்தாள். பஞ்சு வந்தது. கூடத்தில் தறிகள் ஓட ஓடப் பறந்த பஞ்சை, கார் தினமும் கால் மணி நேரம் தன் ஃபேனால் உறிஞ்சியிருக்கிறது. அது தூசியோடு சேர்ந்து இறுகி, கம்பளி போல ஒரே துண்டாக உரிந்து வந்தது. நிழலும் கவனிப்பும்தான் காரைக் கெடுத்திருந்தன. அதைக் கேட்டுப் பூரித்தது தன் புத்திதானே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். வாரா வாரம் மோட்டாரில் பஞ்சு எடுக்கிற கை அவளுடையது. மார்ட்டினிடம் பிரஷை வாங்கி, மிச்சத்தையும் தானே சுரண்டி எடுத்தாள்.

வியாழக்கிழமை கிளம்பினார்கள். தாரமங்கலம் வந்தது, போனது. முள் பாதியைத் தாண்டவில்லை. ஒன்பதே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தினாள். தீர்த்தகிரி மடியில் கேன் திறக்காமலே இருந்தது.

"இன்னைக்கு வண்டி ஒரு சொட்டும் குடிக்கல. அது பங்குல எனக்கு ஒரு மூடி குடு சாமி."

அவள் கேன் மூடி நிறைய ஊற்றிக் கொடுத்தாள். வாயிலேயே வைத்திருந்து மெதுவாக விழுங்கினார்.

"சனிக்கெழம எத்தன மணிக்குக் கெளம்பறது?" என்று கேட்டார்.