கருப்பாயியின் புரட்டாசி

மலேசியாவின் கிள்ளானில் லோரி ஓட்டும் ரெங்கசாமிக்கு மற்ற மாதங்களில் ஆடு, கோழி, நண்டு எதுவானாலும் சரி. புரட்டாசி பிறந்துவிட்டால் ஆளே வேறு. நெற்றியில் நாமம், வாயில் கோவிந்தா, கறிச்சட்டிகள் எல்லாம் கோணிக்குள். இந்த வருஷம் பக்தி கொஞ்சம் முற்றிப்போய், வீட்டுப் பூனை கருப்பாயியையும் விரதத்தில் சேர்த்துவிட்டார். “எங்க வீட்டுப் பூனைகூட சைவம் லா” என்று போகிற இடமெல்லாம் தம்பட்டம் வேறு.

காலையில் பால், மத்தியானம் சாம்பார் சாதம். கருப்பாயி அதை முகர்ந்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தது. பசி தாங்காமல் கடைசியில் நக்கியது. பூனைக்கே ஞானம் வந்துவிட்டது என்று மனிதருக்கு ஒரே பூரிப்பு.

சில நாளில் அது செருப்பு அலமாரிக்கு அடியில் சுருண்டு படுத்துவிட்டது. கூப்பிட்டால் காதைக்கூட அசைக்கவில்லை. பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் பிள்ளை. ரெங்கசாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு கால்நடை டாக்டர் மலர்விழியிடம் போய் நின்றார்.

“என்ன குடுத்தீங்க அங்கிள்?”

“சாம்பார் சாதம், டாக்டர். சின்ன வெங்காயம், பூண்டெல்லாம் அள்ளிப் போட்டு, நல்லா மணமா…”

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ அங்கிள், வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம் லா! ரத்தத்தையே கெடுத்துடும். பாலு வயித்தக் கலக்கும். கறி, மீனு இல்லாம பூனை உடம்பு நிக்காது.”

“புரட்டாசி முடியட்டும், வாங்கிப் போடுறேன்.”

“அது வரைக்கும் தாங்காது அங்கிள்.”

மருந்து ஏற்றி, நல்ல வேளை சீக்கிரமே கொண்டுவந்தீர்கள் என்று சொல்லி டாக்டர் அனுப்பிவைத்தார். இப்போதைக்கு உப்பு போடாமல் அவித்த கோழி, எலும்பு கூடாது. தேறியதும் பூனைக்கென்று விற்கிற டின் சாப்பாடு.

நெற்றி நிறைய நாமத்தோடு அவர் பாசாரில் கோழிக்கடை முன்னால் நின்றபோது, “அண்ணே, அதுக்குள்ள விரதத்த முடிச்சிட்டீங்களா?” என்று கடைக்கார அஸ்வின் கண்ணடித்தான்.

“எனக்கில்ல லா, பூனைக்கு!” என்று அவர் போட்ட சத்தத்தில் மீன்கடை வரிசையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

மனைவி வள்ளியம்மாவும் விரதம். “நான் தொட மாட்டேன்” என்று கறாராகச் சொல்லிவிட்டாள். வேறு வழியில்லை. ரெங்கசாமி பின்வாசலில் அடுப்பை வைத்து, மூக்கைத் துண்டால் கட்டிக்கொண்டு, பெருமாளிடம் மன்னிப்புக் கேட்டபடியே கோழியை அவித்தார். ஆறவைத்து, எலும்பில்லாமல் நாராகப் பிய்த்து, உள்ளங்கையில் வைத்து நீட்டினார். கருப்பாயி மெல்ல மூக்கை நீட்டியது. அப்புறம் லபக் லபக்கென்று தின்றது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வள்ளியம்மா சொன்னாள்: “கல்யாணமாகி இத்தன வருஷத்துல எனக்கு ஒரு வாய் சுடுதண்ணி வச்சுக் குடுத்திருப்பீங்களா?”

அவருக்குச் சுருக்கென்று தைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்த சட்டியோடு எழுந்தார். “இரு புள்ள, இப்பவே உனக்குத் தேத்தண்ணி போடுறேன்.”

“கோழி அவிச்ச சட்டியிலயா!” என்று வள்ளியம்மா அலறினாள்.