அப்பாவின் மீசையை நேர்ந்துகொண்ட அம்மா

எங்கள் வீட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ மாட்டியிருக்கிறது. மொட்டைத் தலையும் மீசையில்லாத முகமுமாக அப்பா நிற்கிறார். பக்கத்தில் அம்மா. அப்பாவின் முகத்தில் பக்தியைவிடக் கோபம்தான் ஜாஸ்தி. வருகிறவர்கள் கேட்டால், அந்தக் கதையை நான் பெருமையாகவே சொல்வேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. கல்வராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். சொந்த நிலம் கிடையாது. பள்ளிக்கூடம் லீவு என்பதால், மரவள்ளிக்கிழங்கு பிடுங்கும் கூலி வேலைக்குப் போன அப்பா அம்மாவோடு நானும் போயிருந்தேன். பிடுங்கிப் போட்ட குச்சிகளை அள்ளும்போது அப்பாவின் கையில் பாம்பு கடித்துவிட்டது. போன வருஷம் இதே மரவள்ளிக் கொல்லையில் கடிபட்ட பெரியப்பா ஆஸ்பத்திரி வாசலைப் பார்க்கவில்லை. ஆம்புலன்ஸில் படுக்கவைத்தபோது அப்பாவுக்கு உடம்பு நடுங்கியதற்குக் காரணம் விஷம் பாதி, பெரியப்பா பாதி.

என்னை விட்டுவர ஆளில்லாததால் நானும் ஏறிக்கொண்டேன்.

"என் கத முடிஞ்சிது. புள்ளய பாத்துக்கோ" என்றார் அப்பா.

வண்டியிலிருந்த நர்ஸ் அக்கா அம்மாவின் காதோரம் குனிந்து, "அவரு பயந்துக்கினா வெஷம் வேகமா ஏறும்க்கா. நீங்க அழுவாதீங்க. வேற எதுனா பேசிக்கினே வாங்க" என்றார்.

நாலு பேர் முன்னால் அம்மா அப்பாவிடம் பேசி நான் பார்த்ததே இல்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கையைக் கூப்பி, வண்டிச் சத்தத்துக்கு மேல் சத்தமாக வேண்டத் தொடங்கினாள்.

"ஏழுமலையானே, இவரு பொழச்சி வந்தா ஒனக்கு மொட்ட போட்டுக்குவாரு."

அப்பா கண்ணை மூடியபடியே தலையை ஆட்டினார். மொட்டைக்கு ஆட்சேபணை இல்லை.

"மாரியாத்தா, இவரு வளக்கற கெடாவ ஒனக்கே உட்டுடறோம்."

கண் திறந்தது. "எது, அந்தக் கருப்பு கெடாவா? அத தீவாளிக்கு வச்சிக்கினு இருக்கறன்."

"சாமிகிட்ட கணக்கு பாக்காதீங்க."

"என்னக் கேக்காம நீ இன்னாத்துக்கு நேந்துக்கற?"

கச்சிராயபாளையம் தாண்டியதும் அப்பா தளர்ந்துபோய், "அண்ணன் கூப்புடறாரு" என்று மறுபடி முனகினார். அம்மா என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பிறகு அவர் மீசையைப் பார்த்தாள்.

அந்த மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கஞ்சி குடிப்பதாக இருந்தாலும் அதை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டுத்தான் குடிப்பார். அம்மா அந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது.

"கொலசாமி, இவரு மீசய வழிச்சி ஒன் காலடியில வச்சிடறேன்."

அப்பா எழுந்து உட்காரப் பார்த்தார். நர்ஸ் அக்கா தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"ஏய், மீச யாருது? எந்த சாமி ஒங்கிட்ட மீச கேட்டுது?"

"கேக்காம குடுத்தாதான் சாமிக்குப் புடிக்கும்."

"நம்ம சாமிக்கே இம்மாம் பெரிய மீச இருக்குது. அதுக்கு எதுக்குடி என்னுது?"

"ஜோடியா இருந்துட்டுப் போவட்டும்."

வண்டி ஓட்டியவர் சிரித்தது எனக்குக் கேட்டது. எனக்கோ அழுகையாக வந்தது. உயிருக்குப் போராடுகிறவரிடமா வம்பு வளர்ப்பது? அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே நினைத்தேன்.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் இறக்கும்போதும் சண்டை ஓயவில்லை. பெயர் என்ன என்று டாக்டர் கேட்டதற்கு அப்பா, "பேரு கெடக்கட்டும் சார், ஒருத்தர் மீசய இன்னொருத்தர் நேந்துக்கலாமா?" என்றார்.

"நல்லா தெளிவா இருக்காரு" என்று சொல்லிக்கொண்டே டாக்டர் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்.

கதவு மூடியது. அதுவரை வாய் ஓயாமல் பேசிய அம்மா சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். அப்படியே கையைக் கூப்பினாள். உதடு மட்டும் அசைந்தது. இந்த வேண்டுதலுக்குச் சத்தமே இல்லை.

அப்பாவைக் காப்பாற்றியவர்கள் கடவுளும் டாக்டரும்தான். ஆனால் அவர்கள் கைக்கு அவரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது அம்மாவின் வாய். இன்றைக்கும் எங்கள் ஊருக்கு ஆம்புலன்ஸ் வந்தால், கூட ஏறிக்கொள்ள முதலில் அம்மாவைத்தான் கூப்பிடுகிறார்கள்.

மொட்டையும் மீசையும் முடிந்து, ஆடி மாதம் கிடாவையும் ஓட்டிக்கொண்டு மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். அப்பா விறகு வாங்கப் போன நேரம் பார்த்து, அம்மா சன்னதி எதிரில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, வீட்டிலிருந்து கட்டிவந்த சோற்றை வெறுந்தரையில் போட்டுச் சாப்பிட்டாள். மண்சோறு என்று ஒரு வேண்டுதல் இருப்பது அப்போது எனக்குத் தெரியாது. ஊரே பார்க்கிறதே என்று வெட்கமாகப் போயிற்று. இலை கொண்டுவர மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று ஓடி, பூக்காரம்மாவிடம் ஒரு வாழையிலை கேட்டு வாங்கிவந்து நீட்டினேன்.

அம்மா வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, "அத எடுத்து வையி. அப்பா வந்ததும் அதுல சோறு போடு" என்றாள்.