சுறா இல்லாத நாலு நாள்

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துக் குப்பனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த அந்த மணல்மேட்டுக் குப்பத்தில் குப்பனைத் தெரியாதவர் கிடையாது. பெரிய மனிதன் என்று நினைத்துவிடாதீர்கள், வாய்தான் பெரிது. மகள் பிறந்த சேதியை வலை காயப்போட்டவர்களிடம் ஒரு தரம், கருவாடு புரட்டிய பெண்களிடம் ஒரு தரம், மறந்துபோய் வலைக்காரர்களிடமே இன்னொரு தரம் சொல்லி முடித்தான்.

பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா கொடுக்க வேண்டும். அந்தக் கரையில் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுறாவை வேகவைத்துத் தோலுரித்து உதிர்த்து, பூண்டையும் மிளகையும் தாராளமாகப் போட்டுப் புட்டாகக் கிண்டிக் கொடுத்தால் பால் ஊறும். மற்ற வீடுகளில் வாரத்துக்கு இரண்டு நாள் கொடுப்பார்கள். குப்பன் தினமும் கொண்டுவந்தான். தன் தூண்டிலில் விழாத நாளில் பக்கத்துக் கட்டுமரத்தைக் கெஞ்சினான். ஒன்பது வருஷம் ஊர் வாய்க்கு அவலாக இருந்த பெண்சாதி வேலம்மாவுக்கு இப்போதாவது ஒன்றைச் சரியாகச் செய்யவேண்டும் என்று அவனுக்கு ஆசை. அந்த ஆசையில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

பன்னிரண்டாம் நாள் குழந்தை பால் குடிக்க மாட்டேன் என்றது.

வேலம்மா மாரில் வைத்தால் ஆவலாகத்தான் வாயைத் திறக்கும். நாலு மடக்கு போகும். அப்புறம் இருமும், முதுகை வில்லாக வளைக்கும், முகம் சிவந்து வீறிடும். மறுபடி வைத்தால் தலையைத் திருப்பிக்கொள்ளும். கொஞ்ச நாள் போனதும் மாரைக் கண்டாலே அழ ஆரம்பித்தது. ஆட்டுப்பாலைச் சங்கில் புகட்டிப் பார்த்தார்கள், பாதி கடைவாயில் வழிந்தது.

வீட்டை நடத்தியவள் குப்பனின் அக்கா ராஜம்மா. புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டுத் தம்பியோடு வந்து இருந்தவள். அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"பால் பத்தலடி. இஸ்து இஸ்து பாக்குது, வரல. அதான் கத்துது."

"மாரு கல்லு மாரி கீது அண்ணி. துணியெல்லாம் நனஞ்சி பூடுது," என்றாள் வேலம்மா.

"கட்டிக்கினு கீது. இன்னும் ரெண்டு வாய் சுறா துன்னா எளகும்."

அன்று முதல் காலையில் புட்டு, சாயங்காலமும் புட்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தன் வீட்டு அடுப்பில் வேகும்போதுதான் ஒருவருக்கும் ஞாபகம் வராது. வேலம்மாவுக்குச் சுறா வாசனை என்றாலே குமட்டியது. பிள்ளைக்காகக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

குழந்தையின் இடுப்பில் கட்டிய கறுப்புக் கயிறு நழுவித் தொடைக்கு வந்தது. ராஜம்மா அதை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள். மூன்றாம் நாள் மறுபடி இறுக்கினாள். குப்பன் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தூண்டிலை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனான். பேசாத குப்பனைப் பார்த்துக் குப்பமே பயந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒல்லாந்தர் கப்பல் வந்தது. கோட்டையில் பீரங்கி முழங்கிற்று. கப்பல் கரைக்கு வராது, ஆழத்தில்தான் நிற்கும். துணிமூட்டைகளைக் கயிற்றால் தைத்த படகில் ஏற்றி, அலையைத் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். குப்பத்து ஆண்கள் எல்லோரும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் போயாக வேண்டும். மூட்டை தீரும்வரை அங்கேயே சோறு, அங்கேயே படுக்கை. மீன்பிடிக்க ஒரு கட்டுமரமும் இறங்காது.

குப்பன் படகுத் தலைவன் வேதாசலத்திடம் போய் நின்றான். "அண்ணே, அரை நாள் உடு. ஒரு சுறாவப் புடிச்சி ஊட்ல போட்டுட்டு ஓடியாந்துடறேன். கொழந்த பால் குடிக்காம கெடக்குது."

வேதாசலம் கல்நெஞ்சுக்காரர் இல்லை. ஆனாலும் தலையை ஆட்டினார். "நம்ம படகு பன்னெண்டு துடுப்பு குப்பா. ஒண்ணு கொறஞ்சா அலையில ஒருபக்கமா திரும்பிக்கும். மத்த பதினோரு ஊட்டுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

குப்பன் போய்த் துடுப்பைப் பிடித்தான்.

மூட்டைகளைப் போட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் எதிர்ப்பட்ட வெளியூர்ப் படகுகளில் சுறா கேட்டான். கப்பல்காரர்கள் தூண்டில் போட்டு ஒரு பெரிய சுறாவை மேலே இழுத்ததைப் பார்த்துவிட்டு, கீழேயிருந்து கையைக் காட்டி, மாரைக் காட்டி, குழந்தையைத் தாலாட்டிக் காட்டினான். மேலே ஒரே சிரிப்பு. யாரோ ஒருவன் இரங்கி, கல்போல் ஒரு ரொட்டியைத் தூக்கிப் போட்டான்.

பக்கத்துத் துடுப்பு சந்தியாகு. "மனச உட்டுறாத. மாதா பாத்துக்குவா," என்றான்.

"உன் மாதா சுறா புடிச்சிக் குடுப்பாளா?"

சந்தியாகுவுக்குக் கோபம் வரவில்லை. "கேட்டுப் பாக்கறேன்," என்றான். கேட்டிருப்பான் என்றுதான் தோன்றுகிறது.

ஒவ்வொரு நாளும் குப்பன் விரல் விட்டு எண்ணினான். சுறா இல்லாமல் ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். இருந்த கொஞ்சம் பாலும் வற்றியிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நாலாம் நாள் உச்சிப்பொழுதில் கடைசி மூட்டையும் ஏறியது. சோற்றுக்குக்கூட நிற்காமல் முகத்துவாரத்தைத் தாண்டி மணலில் ஓடினான். வெறுங்கையோடு வீட்டுக்குப் போவது இருபது நாளில் அதுதான் முதல் தடவை.

குடிசை கண்ணில் பட்டதும் கால் நின்றுவிட்டது. அழுகைச் சத்தம் இல்லை. இத்தனை நாளும் கருவாட்டுக் களம் வரைக்கும் கேட்ட சத்தம் அது. வாசலில் ராஜம்மா முழங்காலைக் கட்டிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். குப்பன் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டான். வாய்விட்டு ஓலமிடப் போனவன் வாயை ராஜம்மாதான் ஓடிவந்து பொத்தினாள்.

"கத்தாதடா பாவி. இப்பத்தான் குடிக்குது."

குனிந்து உள்ளே போனான். வேலம்மா சுவரில் நன்றாகச் சாய்ந்து, பாதி படுத்தமாதிரி இருந்தாள். அவள் மார்மேல் குழந்தை குப்புறக் கிடந்து குடித்துக்கொண்டிருந்தது. இருமல் இல்லை, முதுகை வளைக்கவில்லை. மடக்கு மடக்காக விழுங்கும் சத்தம் மட்டும் அந்தக் குடிசையில் கேட்டது. பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சியில் பால்.

"இன்னாடி பண்ண?"

"நீ போன ரெண்டாம் நாளு வலி தாங்கல. பீச்சிக் கொட்டுனாத்தான் உயிர் நிக்கும்னு தோணிச்சி. ரெண்டு கொட்டாங்கச்சி வந்துச்சிய்யா. அப்பறம் உக்கார முடியாம சாஞ்சிக்கினு வச்சேன். குடிச்சிது."

"பால் இல்லன்னு சொன்னாங்களே?"

"யாரு சொன்னாங்களோ. ரொம்ப இருந்துச்சி. பீச்சிக்கினு அடிச்சி, மூச்சு முட்டி, பயந்துபோய்க் கத்திச்சி. மொதல்ல வர்ற வேகத்த வெளிய உட்டுட்டா அது பாட்டுக்குக் குடிக்குது. நீயும் பெரிய அலைய உட்டுட்டுத்தான படக எறக்குற? சுறாவும் இல்லையா, பாலோட வேகமும் ஒரு நாளுக்கு ஒரு நாள் லேசாயிடுச்சி."

குப்பனுக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சுருங்கிப்போயிற்று. "அப்ப நான்தான் அத..."

"நானுந்தான ஊட்டுனேன்," என்றாள் வாசலிலிருந்து ராஜம்மா.

குப்பன் தன் வெறுங்கையைப் பார்த்தான். "நாளைக்கு நான் இன்னா கொண்டாரட்டும்?" என்று கேட்டான்.

"ஒண்ணும் வாணாம். சும்மா வா."

"சும்மா வந்து?"

வேலம்மா குழந்தையை மாரிலிருந்து எடுத்தாள். "இருபது நாளாச்சி. ஒரு தரமாவது தூக்குனியா நீ? எப்பப் பாத்தாலும் கையில மீனு. இந்தா, புடி."

அவனுக்குத் தூக்கத் தெரியவில்லை. கழுத்துக்குக் கீழே கை கொடுக்க ராஜம்மா காட்டிக்கொடுத்தாள். துடுப்புப் பிடித்துக் காய்த்துப்போன உள்ளங்கை குத்துமோ என்று பயந்து, முழங்கை மடிப்பில் வாங்கிக்கொண்டான். பால் நிறைந்த வயிறு கனத்தது. குழந்தை கண்ணைத் திறந்து அவனைப் பார்த்து, ஒரு ஏப்பம் விட்டு, அவன் நெஞ்சில் கொஞ்சம் பாலைக் கக்கியது. ராஜம்மா துடைக்கத் துணியை எடுத்து வந்தாள்.

"இருக்கட்டும்க்கா," என்றான் குப்பன்.